நிலந்திருத்துந் தொழிலும் கற்ற இளைஞரும்

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுதல் மரபு. இக்கல்லூரி ஈன்ற மருத்துவர், பொறியியலாளர், சட்டத்தரணிகள், கணக்காளர் ஆகியோரை நினைந்து மகிழ்தல் தகுவதே. ஆயின் இம்மலரை இன்று கையிலேந்தும் மாணவருட் பெரும்பாலார் அவ்வரிசையிற் சேரப்போவதில்லை. பல்கலைக்கழகத்தின் வாயில் ஒடுங்கியது; அரசாங்க உத்தியோகத்தின் வாயில் அதனினும் ஒடுங்கியது. எஞ்சியோருட் சிலர் கடல் கடக்கின்றனர். சிலர் இம்மண்ணிலேயே நின்று சொந்தமாக ஒரு தொழில் தொடங்குகின்றனர். அத்தகைய தொழில்களுள் ஒன்றைப் பற்றி, அஃதாவது சிறு சுமையேற்றி இயந்திரங்களைக் கொண்டு பற்றைக்காடு வெட்டி நிலத்தை மட்டஞ்செய்து கொடுக்குந் தொழிலைப் பற்றி, நம் கருத்தை இங்கு உரைக்க விரும்புகின்றோம்.

இத்தொழிலைக் குறித்து நம்மிடையே இரு பிழையான எண்ணங்கள் உலாவுகின்றன. இஃது எழுத்தறியாதாரும் செய்யத்தக்க வேலை, கற்றவன் இதில் இறங்குதல் கல்விக்கு இழுக்கு என்பது ஒன்று. கடன்பட்டேனும் ஓர் இயந்திரத்தை வாங்கிவிட்டாற் போதும், பணம் தானே வரும் என்பது மற்றொன்று. முன்னையது பெரியோர் சிலரின் எண்ணம். பின்னையது இளையோர் பலரின் எண்ணம். ஒன்றற்கொன்று மாறாகத் தோன்றினும் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இயந்திரமே தொழில் என்று இரு சாராரும் கருதுகின்றனர். இயந்திரம் தொழிலுக்குக் கருவி மாத்திரமே. மண்ணை அறிதலும், நீர் செல்லும் வழியை அறிதலும், அளவையும் கணக்கையும் அறிதலும், சொன்ன சொல்லைக் காத்தலுமே தொழிலாகும். இவை யாவும் கல்வியின் பாற்பட்டவை. ஆதலின் இது கற்றோர் புகத்தக்க தொழில் மாத்திரமன்று; கற்றோர் புகாவிடின் நாட்டுக்குத் தீங்கு விளைக்கத்தக்க தொழிலுமாம். இதுவே நாம் நிறுவ விரும்புவது.

முதலில் இத்தொழிலின் தேவையை நோக்குவோம். வலிகாமம் வடக்கு மக்கள் 1990ஆம் ஆண்டிலே தம் ஊர்களை விட்டு நீங்கினர். 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் அந்நிலங்கள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. கால் நூற்றாண்டுக்கு மேலாக உடையவர் காலடி படாத வளவுகள் பல. வீடு நின்ற இடத்திலே ஆலும் அரசும் வேரோடின; தோட்டம் செய்த இடத்திலே காரையும் சூரையும் ஈச்சையும் அடர்ந்தன. வன்னிப் பெருநிலத்திலும் கைவிடப்பட்ட வயல்களும் மேட்டுக்காணிகளும் இவ்வாறே பற்றை மூடின. உடையவருட் பலர் முதியவர். பலர் பிறநாடுகளில் வாழ்பவர். கத்தி, கோடரி, மண்வெட்டி, அலவாங்கு ஆகியவற்றைக் கொண்டு மாதக்கணக்கில் உழைத்தற்கு ஆட்களுமில்லை. ஆதலின் இயந்திரத்தை நாடுதல் இயல்பாயிற்று.

இயந்திரம் வந்தமையாற் கூலியாளர் பிழைப்புக் கெட்டது என்று வருந்துவாரும் உளர். அவர்தம் இரக்கம் மதிக்கத்தக்கது. எனினும் முட்பற்றையை வேரோடு பிடுங்குதல் மனிதன் முதுகை முறிக்கும் வேலை. அவ்வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டால், வேலி அடைத்தல், வாய்க்கால் கட்டுதல், கன்று நடுதல் முதலாய கைத்திறன் வேண்டும் வேலைகள் அந்நிலத்திலே பின்னர் தோன்றும். பற்றை மூடிய நிலம் ஒருவருக்கும் கூலி கொடுப்பதில்லை.

இனி, எவ்வகை இயந்திரம் என்பது. நம் நாட்டில் நிலந் தோண்டும் இயந்திரம் எதனையும் மக்கள் 'ஜே.சி.பி.' என்றே வழங்குகின்றனர். பெருமரம் பிடுங்குதற்கும் ஆழக் கிடங்கு வெட்டுதற்கும் அதுவே ஏற்றது. ஆயின் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை யாவரும் அறிவர். இருபுறமும் வேலியோ மதிலோ நெருங்கி நிற்கும் அவ்வொழுங்கையிற் பேரியந்திரம் புகுந்தால் ஒரு பக்கத்து வேலியேனும் சாயும். ஆறடி அகலத்துக்குள் அடங்கும் சிறு சுமையேற்றி, 'பொப்கற்' என்று மக்கள் பொதுப்பட அழைப்பது, அங்கே தடையின்றிச் செல்லும். கிணற்றுக்கும் மாமரத்துக்கும் இடையிலுள்ள சிறு வெளியிலும் நின்று திரும்பும். வாளியைக் கழற்றிவிட்டுக் கவ்வி, பற்றை அறுக்குங் கருவி, குழி துளைக்கும் துறப்பணம், கல்லுடைக்கும் சம்மட்டி, மட்டப்பலகை என வேண்டியதைப் பூட்டலாம். இளைஞர் ஒருவர் சிறு முதலோடு தொடங்குதற்கு இது தகுந்த கருவி என்பதில் ஐயமில்லை.

இவ்வியந்திரம் பிறந்த வரலாறு தொழில் தொடங்குவார்க்கு நல்லதொரு பாடம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே றொத்சே என்னுஞ் சிற்றூரில் லூயி கெல்லர், சிறில் கெல்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர் பட்டறை நடத்தினர். அயலிலே வான்கோழி வளர்த்த கமக்காரர் ஒருவர் தம் கொட்டிலில் எருவை வாரி அகற்ற ஒரு வழி கேட்டார். கொட்டிலின் தூண்கள் நெருக்கமானவை. உழவு இயந்திரம் உள்ளே திரும்ப இயலாது. 1957ஆம் ஆண்டிலே அச்சகோதரர் மூன்று சில்லுடைய சிறு சுமையேற்றி ஒன்றைச் செய்து கொடுத்தனர். அடுத்த ஆண்டு வட டக்கோட்டாவிலுள்ள மெல்றோ நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. 1960ஆம் ஆண்டில் நான்கு சில்லுகளும் இயங்கும் வடிவம் வந்தது. 1962ஆம் ஆண்டில் 'பொப்கற்' என்னும் பெயர் சூட்டப்பெற்றது. 2023ஆம் ஆண்டிலே அவ்விருவரும் அந்நாட்டுத் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பெற்றனர். அயலவன் தேவை முன்னே வந்தது. இயந்திரம் பின்னே வந்தது. நம் இளைஞருட் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி, இயந்திரத்தை வாங்கி முற்றத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு வேலை தேடி ஊரூராய் அலைகின்றனர்.

ஆதலின் முதலாவது வேண்டுவது கணக்கு. விளக்கத்தின்பொருட்டு எண்கள் சிலவற்றைக் கொள்வோம். இவை சந்தை விலை அல்ல. இயந்திரம் ஒன்றின் விலை 60 இலட்சம் ரூபா என்க. ஐந்து ஆண்டின்பின் அது 20 இலட்சத்துக்கு விலைபோகும் என்க. இடையிலே தேய்ந்துபோவது 40 இலட்சம். ஆண்டுக்கு 1000 மணித்தியாலம் வேலை கிடைத்தால், ஒவ்வொரு மணித்தியாலத்தின் தலையிலும் 800 ரூபா தேய்மானம் விழும். ஆண்டுக்கு 400 மணித்தியாலமே கிடைத்தால் அது 2000 ரூபாவாகும். இயந்திரம் ஒன்றே, ஓட்டுபவனும் ஒருவனே, வேலை குறைந்தமையாற் செலவு இரண்டரை மடங்காயிற்று. இதன்மேல் வட்டி, காப்புறுதி, டீசல், எண்ணெய், வடிகட்டி, ஓட்டுநர் சம்பளம், இயந்திரத்தை ஏற்றிப் பறிக்குங் கூலி யாவும் வரும். அயலில் ஒருவர் மணித்தியாலத்துக்கு இவ்வளவு கேட்கின்றார், அதனிற் சிறிது குறைத்து நாம் கேட்போம் என்று கூலியை நிறுவுபவன், தன் இயந்திரத்தைச் சிறிது சிறிதாக விற்றுச் சோறுண்கின்றான். கையிற் காசு புரள்வதால் அதனை அவன் உணர்வதில்லை. இயந்திரம் பழுதுபட்டு நிற்கும் நாளிலேயே உணர்கின்றான்.

மாரியும் கணக்கிற் சேர்தல் வேண்டும். வடபகுதியின் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வாடைக்காற்றுக் காலத்திலே பெய்கின்றது. அக்காலத்தில் நிலவேலை பெரிதும் நின்றுபோகும். கடன் தவணையோ நிற்பதில்லை. ஒன்பது மாத வருவாயிலே பன்னிரண்டு மாதத் தவணையைக் கட்டுதற்கு ஆயத்தமில்லாதவன் குத்தகைக் கொள்வனவுப் பத்திரத்தில் ஒப்பமிடுதல் ஆகாது. 2022ஆம் ஆண்டின் பாடத்தையும் மறத்தலாகாது. அவ்வாண்டில் ஒரு சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியது. ஏப்பிரல் மாதத்திலே மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். உதிரிப்பாகம் அனைத்தும் கடல்கடந்து வரும் ஒரு தொழிலுக்கு இம்மூன்றும் ஒருங்கே வந்தால் யாதாகும் என்பதை அன்று கண்டோம். கடனைக் குறைவாகவும் கையிருப்பை நிறைவாகவும் வைத்திருந்தவரே அத்தகைய காலத்தைக் கடக்க வல்லவர்.

நம் கருத்தில், தொழில் தொடங்குபவன் முதலாண்டில் இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தி வேலை செய்து பார்த்தல் நன்று. வருவாய் குறையும், ஆயின் எவ்வூரில் எவ்வேலை உண்டு, எவர் சொன்னபடி பணந் தருவர், எவ்வியந்திரம் எம்மண்ணிற் சிறக்கும் என்பவற்றை அவன் கற்றுக்கொள்வான். அக்கல்விக்கு அது குறைந்த விலையே.

எவ்வியந்திரம் எம்மண்ணுக்கு என்பதும் சிறிய வினாவன்று. இச்சிறு சுமையேற்றியின் இடப்பக்கச் சில்லுகள் ஒன்றாகவும் வலப்பக்கச் சில்லுகள் ஒன்றாகவும் சுழலும். ஒரு பக்கம் விரைந்தும் மறுபக்கம் தாமதித்தும் சுழல்வதால், இயந்திரம் சறுக்கியே திரும்புகின்றது. திரும்பும்போது நிலத்தை அராவுகின்றது. இறப்பர்ப் பட்டி பூட்டிய வகை தன் பாரத்தை அகலப் பரப்புதலால் ஈரநிலத்திற் புதையாது. ஆயின் ஒருசோடிப் பட்டி 1200 முதல் 2000 மணித்தியாலம் வரையே உழைக்கும். கூரிய முருகைக்கல் நிறைந்த நிலத்தில் அதற்கும் முன்னரே கிழியும். வலிகாமத்துக் கல்நிலத்துக்குச் சில்லும், முருங்கன் பகுதிக் கரிசல் போன்ற களிமண்ணுக்குப் பட்டியும் பொருந்தும் என்பது இதனாற் பெறப்படும். கரிசல் நிலத்தில் மழை விழுந்தபின் எவ்வியந்திரத்தையும் இறக்காமையே அறிவு.

இரண்டாவது வேண்டுவது மண்ணறிவு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மீது கிடக்கின்றது. அதன்மேற் படிந்துள்ள செம்மண் சில இடங்களில் ஆழமானது. சில இடங்களில் ஒரு முழத்துக்குக் கீழே கல் தட்டும். அம்மேல்மண்ணே நம் முன்னோர் ஆட்டெருவும் குழையும் இட்டு ஆண்டாண்டாய் வளப்படுத்திய செல்வம். பற்றையைப் பிடுங்கும் அவசரத்தில் வாளியை ஒரு சாண் ஆழமாகப் பதித்துத் தள்ளுபவன், வேரோடு அச்செல்வத்தையும் வாரிக் கும்பியாக்குகின்றான். நிலம் மட்டமாய்த் தோன்றும். உடையவரும் மகிழ்ந்து பணங் கொடுப்பர். அடுத்த ஆண்டு அங்கே வெங்காயம் நட்டவர் கல்லைக் காண்பர். ஆதலின் முதலிற் பற்றையை நிலமட்டத்தோடு அறுத்தல் வேண்டும். பின்னர் வேர்களைக் கவ்வியாற் பிடுங்கி மண்ணை உதறி அகற்றல் வேண்டும். மட்டஞ்செய்ய வேண்டிய இடத்திலே மேல்மண்ணை நான்கு முதல் ஆறு அங்குலம் தனியே எடுத்து ஒரு புறத்திற் குவித்து, அடிமண்ணைத் திருத்தியபின் அதனை மீளப் பரப்புதல் வேண்டும். இதற்கு நேரம் மிகும், கூலியும் மிகும். அதனை உடையவருக்கு விளக்கிச் சொல்லும் நா வன்மையும் தொழிலின் ஒரு கூறே. பார்த்தீனியம் முளைத்த காணியில் வேலை செய்த இயந்திரத்தைக் கழுவாமல் அடுத்த காணிக்குக் கொண்டு செல்பவன், ஒட்டிய மண்ணோடு அக்களையின் விதையையும் கூலியின்றிச் சுமந்து சென்று விதைக்கின்றான் என்பதும் நினைவிலிருத்தல் வேண்டும்.

மூன்றாவது நீரறிவு. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மழைநீர் மண்ணினூடே இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மீது மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கூறும் பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே எவ்வளவு குறையும் என்பதை மாணவர் தாமே கணித்துக்கொள்க. குளத்தையும் கேணியையும் வெள்ளவாய்க்காலையும் தூர்ப்பவன் தன் அயலவர் கிணற்றைத் தூர்க்கின்றான். நிலமோ பெரிதும் தட்டையானது. நீர் வடிதற்குரிய சரிவு மிகச் சிறிது. ஒருவர் தம் வளவை ஓரடி உயர்த்தினால் அடுத்தவர் முற்றம் குளமாகும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிசா புயலோடு வந்த வெள்ளத்தையும், 2024ஆம் ஆண்டு நவம்பரில் வந்த வெள்ளத்தையும் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. மட்டஞ்செய்தல் என்பது நிலத்தைக் கண்ணாடிபோல் ஆக்குதலன்று. நீருக்கு வழி சொல்லுதலாகும். பொதுவாக 100 அடிக்கு 2 அடி சரிவும், வீட்டுச் சுவரை அடுத்த முதற் பத்தடியில் அரையடி சரிவும் இருத்தல் நன்று. அவ்வாறு வடியும் நீரை அயலவர் வேலிக்குத் தள்ளாது, தன் தோட்டத்துக் குழிக்கோ பொது வாய்க்காலுக்கோ திருப்புதலே அறம்.

நான்காவது அளவறிவு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 2722 சதுர அடி. ஒரு பரப்பு நிலத்தில் ஓரங்குல மண் என்றால் அஃது ஏறத்தாழ இரண்டேகால் கியூப். இவ்வொரு கணக்கை மனத்திற் கொண்டவன் எந்தக் காணியின் முன் நின்றும் விடை சொல்லலாம். இரண்டு பரப்பு வளவை ஓரடி உயர்த்துதற்கு இறுகிய மண் ஏறத்தாழ 54 கியூப் வேண்டும். மூன்று கியூப் கொள்ளும் டிப்பரில் 18 பாரம் என்று கணக்கிட்டு ஒப்பந்தம் பேசுபவன் நட்டப்படுவான். ஏனெனில், வெட்டியெடுத்த மண் தளர்ந்து பெருகும். பரப்பி உருட்டினாற் சுருங்கும். நூற்றுக்கு 25 கூட்டிக் கொண்டால் 68 கியூப். பாரம் 23 ஆகும். அந்த ஐந்து பாரமே அவ்வேலையின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடும். அம்மண்ணையும் ஒரேயடியாகக் கொட்டாது, ஆறு முதல் எட்டு அங்குலப் படையாகப் பரப்பி, அளவாக நனைத்து உருட்டுதல் வேண்டும். நம் மாணவர் வகுப்பறையிற் கற்கும் கனவளவும் விகிதமும் பைதகரசின் தேற்றமும் இங்கே சோறிடுகின்றன. மேசன்மார் பிடிக்கும் நீர்மட்டக் குழாயையும் நில அளவையாளரின் மட்டக்கருவியையும் கையாளத் தெரிந்தவன் கண்மட்டத்தை நம்பி ஏமாறான்.

ஐந்தாவது, உரிமையும் ஆபத்தும் பற்றிய அறிவு. பற்றையை நீக்கும்போது எல்லையும் நீங்கும். கதியால் வேலிகள் அழிந்து, எல்லைக்கல் புதைந்து, உறுதிகள் இடப்பெயர்வில் தொலைந்த ஊர்களிலே, ஓர் இயந்திரத்தின் அரைமணித்தியால வேலை இரு குடும்பங்களை நீதிமன்றப் படியேற்றும். ஆதலின் நில அளவைப் படத்தைக் காணாமலும், பங்குடையார் அனைவரின் சம்மதமின்றியும், எல்லைக்காரருக்கு அறிவியாமலும், வேலை தொடங்குதல் ஆகாது. பனை, பலா முதலிய மரங்களைத் தறித்தல் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வயல்நிலத்தை நிரப்புதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்திலான அனுமதி வேண்டும். மண்ணை அகழ்ந்து ஏற்றிச் செல்லுதற்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனியப்பொருட் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். இவற்றை வீண் தொல்லை என்று கருதுபவன் இயந்திரத்தைப் பொலிஸ் நிலையத்து முற்றத்திற் காண்பான்.

உயிருக்கு வரும் ஆபத்து இவற்றினும் பெரிது. போர் நிகழ்ந்த பகுதிகளில், கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதற்குச் சான்றில்லாத நிலத்திலே எவ்வளவு கூலி தருவதாயினும் இறங்குதல் கூடாது. கட்டில்லாத பாழ்கிணறுகள் பற்றையினுள் மறைந்து கிடக்கும். முதலிற் காலால் நடந்து, ஊர் முதியவரை வினவி, அவற்றைக் கம்பு நட்டு அடையாளமிடல் வேண்டும். இயந்திரத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். சில்லுடைய சுமையேற்றி எவ்வளவு பாரத்திற் கவிழுமோ அதன் அரைப்பங்கையே அது தூக்கலாம். பட்டியுடையது நூற்றுக்கு 35 பங்கையே தூக்கலாம். சரிவிற் செல்லும்போது பாரமான பக்கம் மேட்டுப்புறம் இருத்தல் வேண்டும். வாளி தாழ்ந்திருத்தல் வேண்டும். தாங்குகோல் இடாது உயர்த்திய கைகளின்கீழ் ஒருவரும் நிற்றலாகாது. இருக்கைப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுதலை வீரமென்று எண்ணும் இளைஞருக்கு, அவ்வீரத்தின் விலையை அவர்தம் தாய்மாரே செலுத்துவர் என்று சொல்லி வைக்கின்றோம்.

ஆறாவது நாணயம். மணித்தியாலக் கூலி முறையில், மெல்லச் செய்பவன் மிகப் பெறுவான். திறமையாளன் குறையப் பெறுவான். ஆதலின் அளந்து அறியக்கூடிய வேலையை அளவுக்கும், அளக்க இயலாத வேரும் கல்லும் உள்ள வேலையை மணித்தியாலத்துக்கும் பேசுதல் நேர்மை. எந்த மரம் நிற்கும், எது விழும், மேல்மண் எங்கே குவியும், வெட்டிய பற்றையை யார் அகற்றுவது, கல் தட்டினால் யாது செய்வது, பணம் எந்நாளில் என்பன ஒரு தாளில் எழுதப்பட்டு இருவரும் ஒப்பமிடல் வேண்டும். 'தெரிந்த மனிதர்தானே' என்று வாய்ச்சொல்லில் விட்ட வேலைகளே பெரும்பாலும் மனக்கசப்பில் முடிகின்றன. கடல்கடந்து வாழும் உடையவருக்குத் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் ஒளிப்படம் அனுப்புதல் மிகச் சிறிய செயல். அதனால் விளையும் நம்பிக்கையோ மிகப் பெரிது. உடையவர்க்கும் ஒரு சொல். வேலை முடிந்தபின் பணத்தைத் தவணை சொல்லித் தாமதிப்பவர், ஓர் இளைஞனின் கடன் தவணையைத் தவறச் செய்கின்றார். கூலியைக் குறைத்துக் குறைத்துப் பேசுபவர், தம் மேல்மண்ணையே விலையாகக் கொடுக்கின்றார்.

இவ்வாறையும் நோக்குமிடத்து, இவற்றுள் எது கல்வியின்றி இயலும்? இயந்திரத்தின் பிடியை அசைக்க ஒரு மாதத்திற் பழகலாம். எங்கே அசைக்கலாகாது என்பதை அறிதற்கே பல ஆண்டுக் கல்வி வேண்டும். கையில் மண்பட்ட தொழில் கற்றோர்க்கு இழிவென்பது நம் சமயமரபு அறியாத எண்ணம். வாக்கின் வேந்தரெனப் போற்றப்படும் திருநாவுக்கரசு நாயனாரை நாம் உழவாரப் படை ஏந்திய கோலத்திலேயே கோயிலில் வைத்து வணங்குகின்றோம். திருவீதியிற் புல்லும் முள்ளுஞ் செதுக்கியது அவர் புலமைக்கு இழுக்காயிற்றில்லை. அவ்வுருவத்தின்முன் கைகூப்பிவிட்டு, நிலந்திருத்தும் இளைஞனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குதல் பொருந்துமா என்பதைப் பெரியோர் சிந்திப்பாராக.

குறை கூறி நிறுத்துதல் நம் நோக்கமன்று. பழைய மாணவர் சங்கம் செய்யத்தக்கன மூன்றை முன்வைக்கின்றோம். முதலாவது, நம்முள் உள்ள பொறியியலாளரும் விவசாயப் போதனாசிரியரும் கணக்காளரும் ஆண்டிற் சில சனிக்கிழமைகளைக் கொடுத்து, மட்டக்கருவி பிடித்தல், மண்ணின் வகை, மணித்தியாலச் செலவு கணித்தல் ஆகியவற்றை உயர்வகுப்பு மாணவருக்கும் பள்ளியை விட்டு விலகிய இளைஞருக்கும் கற்பித்தல். இரண்டாவது, நம் சட்டத்தரணிகள் எளிய தமிழில் ஓர் ஒப்பந்த மாதிரியை எழுதி அச்சிட்டு வழங்குதல். மூன்றாவது, பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் தம் காணிகளைத் துப்புரவாக்க நினைக்கும்போது, முறையறிந்து செய்யும் இளைஞருக்கு அவ்வேலையைத் தந்து, நியாயமான கூலியை உரிய நாளிற் கொடுத்தல். நன்கொடை ஒருவனை ஒருமுறை தாங்கும். கூலி கொடுத்துத் தந்த நல்வேலை அவனை நிலைநிறுத்தும். அவனிடத்தில் இன்னும் இருவர் தொழில் பழகுவர்.

நம் ஊர்களின் பற்றையை யாரோ ஒருவர் வெட்டத்தான் போகின்றார். மண்ணின் அருமையும் நீரின் வழியும் அறியாத கையால் அது வெட்டப்பட்டால், காடு போகும். அதனோடு தோட்டமும் கிணறும் போகும். அறிந்த கையால் வெட்டப்பட்டால், போனவர் திரும்புதற்கு ஓர் ஊர் இருக்கும். அந்த அறிந்த கை நம் கல்லூரியிலிருந்து செல்லுமாயின், அடுத்த விழா மலரிலே மருத்துவரையும் பொறியியலாளரையும் எண்ணும் வரிசையில் அவனையும் எண்ணுதற்கு நாம் பின்னிற்கலாகாது.